ஆப்சைடு விதியும் இரண்டு நாள் அமாவாசையும்

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறிச்சத்தம் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை என்பதெல்லாம் கச்சேரி உத்தியோகத்துக்குப் போகிறவர்களுக்கு. சேலத்து நெசவாளிக்கு மாதத்தில் ஒரு நாள்தான், அது அமாவாசை. அன்றைக்குச் சாயங்காலம் பாவடியில் புட்பால் நடக்கும். தெருவார் பாவை, அதாவது தறிக்குப் போகிற நெடுக்கு நூலை, நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிற பொதுத் திடலுக்குத்தான் பாவடி என்று பெயர். மற்ற நாள் காலையில் அங்கே நூல் ஓடும், அமாவாசை மாலையில் நாங்கள் ஓடுவோம்.

நான் சொல்வது இருபதுகளின் பிற்பாதி. தெருவின் இரண்டு வரிசைகளான கீழச்சாரிக்கும் மேலச்சாரிக்கும் ஆட்டம். நான் கீழச்சாரிக்கு பேக், கோலுக்கு முன்னால் தடுத்து ஆடுகிறவன். மேலச்சாரிக்கு முன்னால் ஓடுகிறவன் ஒருவன் இருந்தான். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. காலேஜில் படிக்க வந்து, எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் மாடியறை ஒன்றில் குடியிருந்தான். அவனைப் போல ஓடுகிறவனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஆனால் அவனால் கோல் போட முடியாது. காரணம் நான். அந்தக் காலத்து ஆப்சைடு விதிப்படி, முன்னால் நிற்பவனுக்குப் பந்தைத் தள்ளும்போது, அவனுக்கும் கோலுக்கும் நடுவே எதிராளிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும், குறைந்தால் ஆட்டம் செல்லாது. கோல்கீப்பர் ஒருவர், பேக்குகள் இருவர், கணக்குச் சரி. பந்து கிளம்புகிற நேரம் பார்த்து நான் ஓர் எட்டு முன்னால் வந்துவிட்டால் மூன்று இரண்டாகிவிடும். கையைத் தூக்குவேன், விசில் ஊதும், அவன் மண்ணை உதைப்பான்.

"ஏனுங்க, இது ஆட்டமுங்களா, வேலி கட்டறதுங்களா?" என்பான். கோபத்தில்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவான். அதைக் கேட்பதற்காகவே நான் இன்னொரு முறை முன்னால் வருவேன்.

ஒரு நாள் காலேஜ் வாசகசாலையிலிருந்து ஓடி வந்தான். சீமையில் விதியை மாற்றிச் சில காலம் ஆகிவிட்டதாம். இனி மூன்று பேர் வேண்டாம், இரண்டு பேர் இருந்தால் போதுமாம். நம் பாவடியிலும் மாற்ற வேண்டும் என்றான்.

மாற்றுவது லேசில்லை. எங்கள் தெருவில் கோயில் நோன்பானாலும் பாவு போடும் முறையானாலும் எல்லோரும் ஒருமனப்பட்டால்தான் மாறும். ஒரு வாய் 'வேண்டாம்' என்றால் பேச்சு அடுத்த அமாவாசைக்குத் தள்ளிப்போகும். புட்பாலுக்கும் அதே சட்டம்தான். 'வேண்டாம்' என்ற ஒரு வாய் எங்கள் கோல்கீப்பருடையது. சாயப்பட்டறைக்காரர், முழங்கை வரைக்கும் நீலம்.

"மூணு பேரு இருக்கறப்பவே கண்ண மூடினா இவன் காலுதான் வருது. ரெண்டாக்கினீங்கன்னா நான் சாயத்தொட்டியிலயே முழுகிடறேன்" என்றார்.

"சீமையில எல்லாரும் மாத்திட்டாங்களுங்க."

"அங்க மழ பேஞ்சா இங்க குட புடிக்கணுமா?"

"பந்தே அங்கிருந்து வந்ததுதானுங்களே!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்று சொல்லி அவர் எழுந்து போய்விட்டார்.

இப்படியே மூன்று அமாவாசை போயிற்று. ஆட்டத்தைவிடக் கூட்டம் நீண்டது. நான் அவன் பக்கம் பேசினேன். சாயப்பட்டறைக்காரர் என்னை முறைத்து, "நீ எந்தச் சாரிடா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். விதி மாறினால் முதலில் மானம் போவது எனக்குத்தான். ஆனாலும் அவன் தடையில்லாமல் ஒரு முறை ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. பெண்டாட்டி பிள்ளை மேல்கூட அந்த மாதிரி ஓர் ஆசை எனக்குப் பிற்பாடு வந்ததா என்று சந்தேகம்தான்.

அதற்குள் அவன் பரீட்சை முடிந்தது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, கொடிக்காலைப் பார்க்க ஆளில்லை, வந்து சேர் என்று ஊரிலிருந்து ஆள் வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"வார அமாவாசைக்கு வாரனுங்க. அன்னைக்கு எங்கூர்லயும் கொடிக்கால்ல கை வெக்க மாட்டாங்க. அதுக்கப்பறம் முடியுமோ என்னமோ. அந்த ஒரு ஆட்டம் போதுமுங்க."

இதை நான் போய்ச் சொன்னதும் சாயப்பட்டறைக்காரர் இளகிவிட்டார். "வரட்டும். அந்த அமாவாசையில இருந்து ரெண்டு பேருதான். நானும் சம்மதிக்கறேன்" என்றார். எனக்கு அவர் நீலக் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

அமாவாசை வந்தது. அவன் வரவில்லை. வெயில் தாழும்வரை ஆட்டத்தைத் தொடங்க விடாமல் பிடித்து வைத்திருந்தேன். அதற்கு மேல் தெருவார் கேட்கவில்லை. புது விதிப்படியே ஆடினார்கள். பந்து கிளம்பியது, நான் பழக்கத்தில் முன்னால் வந்து கையைத் தூக்கினேன். விசில் ஊதவில்லை. ஓடத் தெரியாத ஒரு தடியன் என்னைத் தாண்டிப் போய்க் கோல் போட்டான். மேலச்சாரி முழுக்கக் குதித்தது. எனக்குக் கண் பஸ் வரும் ரோட்டின் மேலேயே இருந்தது.

மறுநாள் காலை பாவடி நிறையப் பாவு. என் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், பாவுக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான், கையில் தெருவுக்கே போதுமான வெற்றிலைக் கட்டு. திடலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னைக்குத்தானுங்களே அமாவாசை?"

அந்த மாதம் அமாவாசை ஒரு நாள் மத்தியானம் பிறந்து மறுநாள் மத்தியானம் முடிந்திருக்கிறது. எங்கள் தெரு முதல் நாளை வைத்தது, அவர்கள் ஊர் இரண்டாம் நாளை வைத்தது. அவன் எங்களோடு இருந்த காலத்தில் நாங்கள் வைத்த நாளே அவனுக்கும் அமாவாசையாக இருந்ததால் இது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. மூன்று மாதம் விதியைப் பேசித் தீர்த்த தெருவில் ஒருவராவது நாளைப் பேசினோமா!

முந்தின நாள்தான் விடுமுறை. இன்றும் தறியை விட்டு இறங்குங்கள் என்று யாரைக் கூப்பிடுவது? நானே நகர முடியாது. கஞ்சி போட்ட பாவைப் பாதியில் விட்டால் இழையெல்லாம் ஒட்டிப்போகும். அவனுக்கோ, ஆட்டம் இல்லையென்று ஆனபின் உடம்பு முடியாத அப்பாவை ராத்திரி தனியே விட மனமில்லை, மத்தியானப் பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும்.

அவன் வெற்றிலைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, பாவுக்கு அந்தப் பக்கம் என்னோடு நடந்துவந்து, அறுந்த இழைகளை முடிந்து கொடுத்தான்.

"கோல் உழுந்துதுங்களா?"

"விழுந்தது."

"நீங்க முன்னால வந்தீங்களா?"

"வந்தேன்."

"கை தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

சிரித்தான். அப்படிச் சிரித்தான். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் இழையைத் தேடினான்.

அவன் போட்டதெல்லாம் வெற்றிலைக்கொடியை அகத்தியில் கட்டுகிற முடிச்சு. அவ்வளவு தடிமன், சீப்புப் பல் போன்ற தறியின் அச்சுக்குள் நுழையாது. அவன் பஸ் ஏறிய பிறகு ஒவ்வொன்றாக அவிழ்த்து மறுபடி முடிந்தேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

அதற்கப்புறம் அவன் வரவில்லை. அப்பா போய்விட்டார், கொடிக்கால் அவன் தலையில் விழுந்தது. நான் ஒரு முறை தேடிப் போனேன். அவன் மாமனார் ஊருக்குப் போயிருந்தான். எங்கள் பாவடியில் புது விதி நிலைத்துவிட்டது, கோல்கள் மழையாக விழுந்தன, சாயப்பட்டறைக்காரரும் முழுகாமல் கரையேறிவிட்டார். அந்த விதியில் ஒரு நாள்கூட ஆடாதவன் அதைக் கொண்டுவந்தவன்தான்.

இப்போது தறி என் பையன் கையில். பஞ்சாங்கத்தில் அமாவாசை இரண்டு நாள் விழுகிற மாதங்களில் தெரு முதல் நாளோடு சரி, மறுநாள் தறியேறிவிடும். நான் மட்டும் இரண்டாம் நாளும் வேலையைத் தொடுவதில்லை. குளித்துவிட்டுப் பாவடி ஓரமாகப் போய் நிற்பேன். ஏன் என்று பையன் கேட்பான். அமாவாசைடா என்பேன்.