யாருய்யா ரைட் குடுத்தது?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் கடைசி அரசுப் பேருந்தின் நடத்துநர் இன்னாசிக்கு ஐம்பத்து மூன்று வயது. சொத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. 'ரைட்' என்ற ஒரு சொல் மட்டும் இருபத்தாறு வருடமாக அவருக்குச் சொந்தம். வண்டியில் வேறு யாரும் அதைச் சொல்லக் கூடாது. படிக்கட்டில் தொங்கும் கல்லூரிப் பையன்கள் சும்மாவேனும் கத்துவார்கள். "யாருய்யா ரைட் குடுத்தது? ஆள் ஏறல" என்று இன்னாசியின் குரல் வரும். வண்டி நின்றுவிடும்.

அந்த வண்டி ராத்திரி மலையிலேயே தங்கி, விடிந்ததும் கீழே இறங்கும். ஓட்டுநர் அய்யனாரும் இன்னாசியும் படுப்பது வண்டிக்குள்தான். அய்யனார் ஆறடி, சீட்டு நாலடி. மிச்ச இரண்டடியை எங்கே வைப்பது என்பதிலேயே தூக்கம் போய்விடும். ஒருநாள் காலை, ஒரு கொண்டை ஊசி வளைவில் அவர் கண் மூடிக்கொண்டது. இன்னாசி விசிலடித்தார்; கண் திறந்தது. பயணிகள் யாருக்கும் தெரியாது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. மூன்று ஊதிய ஒப்பந்தங்களாக, 'மலை வழித்தடப் பணியாளர்களுக்கு ஓய்வரை அமைப்பது குறித்துப் பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரி, எழுத்துப்பிழைகூட மாறாமல் வந்துகொண்டிருந்தது. ஓய்வறை ஓய்வரை ஆனதில் குற்றமில்லை. பணி ஓய்வு வரை பரிசீலிப்பார்கள் என்று பொருள் கொள்ளலாம்.

இந்த முறை சென்னைப் பேச்சுவார்த்தைக்கு இன்னாசியும் பிரதிநிதி. சங்கத்தில் முன்வரிசைக்கு ஒன்பது பேர் அடித்துக்கொண்டதில் பின்வரிசை காலியாக இருந்தது.

"மூணு நாள் ஏசியில குந்திக்கினு டீ குடிச்சிட்டு வரப்போற" என்றார் அய்யனார்.

"பிஸ்கட்டும் குடுப்பாங்களாம்."

"எனக்கு ரெண்டு எடுத்துக்கினு வா. ரூம்பு வாணாம், அத அவுங்களே பரிசீலிக்கட்டும்."

மூன்றாம் நாள் சாயங்காலம் ஊதிய உயர்வு முடிவாகி, முன்வரிசை சால்வைக்குத் தோளைச் சரிசெய்துகொண்டது. ஒப்பந்த வரைவு பின்வரிசைக்கு வந்து சேர்ந்தபோது இன்னாசி தேடிப் பார்த்தார். அதே வரி. அதே ஓய்வரை. துறைச் செயலர் பேனாவைத் திறந்தார்.

"ரைட். கையெழுத்துப் போட்டுடலாம்."

"யாருய்யா ரைட் குடுத்தது? ஆள் ஏறல."

இருபத்தாறு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. முன்வரிசை மொத்தமும் திரும்பியது. சங்கத் தலைவர் தனசேகரன் கண்ணாலேயே சும்மா இருக்கச் சொன்னார். இன்னாசி எழுந்துவிட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார், பழக்கம். ஆனா ஆள் ஏறலதான். எங்க டிரைவரு அய்யனாரு இன்னும் வெளிய நிக்கிறாரு."

செயலர் கதவைப் பார்த்தார். "உள்ள வரச் சொல்லுங்க."

"வெள்ளிமலையில நிக்கிறாரு சார். மூணு ஒப்பந்தமா நிக்கிறாரு." நாலடி சீட்டையும், வளைவில் மூடிய கண்ணையும் சொன்னார். "பரிசீலிக்கப்படும்ங்கறதுல படுத்துப் பாத்துட்டோம் சார். கால் நீட்ட முடியல."

யாரோ சிரித்தார்கள். செயலர் சிரிக்கவில்லை.

"காலையில எத்தனை பேரு வருவாங்க அந்த வண்டியில?"

"அறுவது. சந்தை நாளுன்னா ஜாஸ்தி."

செயலர் 'அமைப்பது குறித்துப் பரிசீலிக்கப்படும்' என்பதை அடித்து, 'ஆறு மாதத்துக்குள் கட்டித் தரப்படும்' என்று எழுதினார். இது சங்கத்தின் நெடுநாள் கோரிக்கை என்று தனசேகரன் உடனே நினைவுகூர்ந்தார். செயலர் பின்வரிசையைப் பார்த்தார்.

"இப்ப போலாமா?"

"ரைட்" என்றார் இன்னாசி.

ஆறு மாதம், அரசாங்க வழக்கப்படி பதினான்காவது மாதம் முடிந்தது. இரண்டு கட்டில், ஒரு குளியலறை, திறப்பு விழாக் கல்லில் பதினோரு பெயர்கள். இவர்கள் இருவர் பெயருக்கும் கல்லில் இடம் போதவில்லை.

மறுநாள் காலை வண்டி இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பயணத் தாளில் தாமதக் காரணம் எழுதும் கட்டத்தில் இன்னாசி எழுதினார்: 'ஓட்டுநர் நன்றாக உறங்கினார்.'

பணிமனையிலிருந்து மெமோ வந்தது: 'ஓட்டுநர் நன்றாக உறங்கியதற்கு விளக்கம் தரவும்.' இன்னாசி அதற்குக் கண்ணாடி போட்டு, வீட்டில் வேளாங்கண்ணி மாதா படத்துக்கு அடுத்த ஆணியில் மாட்டினார்.

"இன்னாய்யா இது, மெமோவுக்குப் போயி பிரேமு?" என்று கேட்டார் மனைவி தெரசா.

"நல்லாப் படி. அய்யனாரு தூங்கனாருன்னு அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்குது."