ஆர்மோனியக்காரருக்குச் சாப்பாடு

எங்க அப்பாவுக்கு நாடகம் என்றால் போதும், சோறு தண்ணி வேண்டாம். சுத்துப்பட்டியில் எங்கே நாடகம் போட்டாலும் டிவிஎஸ் வண்டியை எடுத்துவிடுவார். நரிக்குடி, வீரசோழன் பக்கம், ரெட்டியபட்டி, எல்லாம் போயிருக்கோம். நான் வண்டியில் முன்னால் நின்றுகொண்டு போவேன். அம்மா வராது. "ராத்திரி முழிச்சுக் கெடந்துட்டு, பகல்ல பருத்திக் காட்டுல தூங்கி விழவா?" என்று சொல்லிவிடும்.

அப்பா உட்காருவதற்கு ஒரு இடம் உண்டு. மேடைக்குக் கீழே, ஆர்மோனியம் இருக்கிற பக்கம். ராஜபார்ட் வந்தாலும் பபூன் வந்தாலும் அப்பா ரொம்பப் பார்க்கமாட்டார். ஆர்மோனியக்காரர் விரலைத்தான் பார்ப்பார். நடிக்கிறவர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து ஆளுக்கொரு பஸ்ஸில் வருவார்கள். ஒத்திகை கிடையாது. யார் எந்தப் பாட்டை எந்தச் சுதியில் எடுத்தாலும் ஆர்மோனியக்காரர் பிடித்துக்கொள்ள வேண்டும். பாட்டு மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். பபூன் கிண்டல் பண்ணினால் பதிலும் சொல்ல வேண்டும். இதெல்லாம் அப்பா சொன்னது. வேறு எதைப் பற்றியும் அப்பா இம்புட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

பின்னால் எனக்குத் தெரிய வந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ஒரு தங்கச்சி. எங்க ஊர் நாடகத்துக்கு வாசிக்க வந்த ஆர்மோனியக்காரர் ஒருத்தரைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. நான் பிறப்பதற்கு முந்தி. அவர் வேற ஆளுக. அப்பா, தங்கச்சி இல்லை என்று சொல்லிவிட்டார். அதுக்குப் பிறகு அத்தை பேச்சே வீட்டில் கிடையாது. அப்பா நாடகத்தை மட்டும் விடவில்லை. நோட்டீஸில் அந்த ஆள் படம் இருந்தால் வண்டியைத் திருப்பிவிடுவார். எனக்கு அப்போது எட்டு வயசு. அத்தை என்று ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் நாடகம். ஆள் பேசுகிற வேலை சித்தப்பாவுக்கு. நோட்டீஸ் அடித்து டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். ராஜபார்ட் மீசையை முறுக்கிக்கொண்டு இருந்தார். கீழே ஓரத்தில் ஆர்மோனியக்காரர். கண்ணாடி போட்டு, நல்ல குண்டு முகம்.

அப்பா அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சித்தப்பாவைக் கூப்பிட்டு விட்டார்.

"வேற ஆளே கெடைக்கலையாலே உனக்கு?"

"தேதி இல்லைண்ணே. எல்லாரும் புக் ஆயிட்டாக."

"சரி. நான் நாடகத்துக்கு வரலை. நீங்க நடத்திக்கங்க."

"அதுக்கென்ன. சாப்பாட்டைப் போட்டுட்டு நீங்க படுத்துக்கங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வருசம் நாடகக்காரவுக சாப்பாடு நம்ம வீட்டு முறையாச்சே. மறந்துட்டீகளா?"

எங்க ஊரில் அப்படி ஒரு பழக்கம். வருஷத்துக்கு ஒரு வீடு. நாடகக்காரர்கள் அத்தனை பேரும் அந்த வீட்டில் கை நனைத்த பிறகுதான் ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கணும். ஒருத்தர் வெறும் வயிற்றோடு மேடை ஏறினாலும் ஊருக்கு ஆகாது, மழை ஏமாத்திவிடும் என்பார்கள். கண்மாய் நிறைவதே அபூர்வம். மழை விஷயத்தில் எங்க ஊர்க்காரர்கள் யாரும் துணிய மாட்டார்கள்.

"முறையை அடுத்த வீட்டுக்கு மாத்து" என்றார் அப்பா.

"நீங்களே போயிக் கேளுங்க. ஏன்னு கேப்பாக. காரணத்தையும் சொல்லுங்க."

சித்தப்பா போகிறபோது அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டது. இருமல் வருது போல என்று நினைத்தேன்.

பொங்கல் அன்றைக்கு அம்மா மத்தியானமே அடுப்பைப் பற்றவைத்தது. சாம்பார், ரசம், ரெண்டு கூட்டு, அப்பளம். தயிர் கிடையாது, பாடுகிறவர்களுக்குத் தொண்டை கட்டும். மிளகு தட்டிப் போட்டு ஒரு பானை வெந்நீர். எல்லாம் முடிந்த பிறகு பாயசத்துக்குச் சேமியா வறுத்தது.

"நாடகக்காரவுகளுக்குப் பாயசம் எதுக்கு?" என்று அப்பா கேட்டார்.

"பாலு மிஞ்சிப் போச்சு" என்றது அம்மா.

எங்க வீட்டில் பால் மிஞ்சி நான் பார்த்ததில்லை.

பொழுது சாயும்போது ஒவ்வொருத்தராக வந்தார்கள். ராஜபார்ட் அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினார். நோட்டீஸில் இருந்த மீசை மூஞ்சியில் இல்லை. ஸ்திரீபார்ட் ஷேர் ஆட்டோவில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்தது. பபூன் வந்தார், மிருதங்கக்காரர் வந்தார். உள்ளே சாக்கை விரித்து வரிசையாக இலை போட்டாச்சு. ஆர்மோனியக்காரரைக் காணோம். மேடையிலேயே பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள்.

"புள்ளையை அனுப்பி விடுங்க" என்றது அம்மா. அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால்தான் மேடை. நான் போனபோது பொம்பளைகள் சாக்கை விரித்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசை பாதி போயிருந்தது. எங்க சாக்கு இன்னும் வீட்டில் இருந்தது. எனக்கு அந்தக் கவலை.

ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"உங்களைச் சாப்பிட வரச் சொன்னாக."

"யாரு தாயி சொன்னது?"

"அம்மா."

"அப்பா சொல்லலையா?"

"அப்பா தலையை ஆட்டுனாரு."

"நல்லா ஆட்டுனாரா, லேசா ஆட்டுனாரா?"

யோசித்துப் பார்த்தேன். "லேசாத்தான்."

"அப்ப எனக்குப் பசி இல்லைன்னு சொல்லிரு."

வந்து சொன்னேன். ராஜபார்ட் அதற்குள் அப்பளத்தை நொறுக்கிவிட்டார். மற்றவர்கள் இலையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒரு எட்டுப் போயி நீங்களே கூப்புட்டு வந்துருங்க" என்றார் பபூன். "அவரு பசியோட உக்காந்தா என் பாட்டையெல்லாம் தின்னுருவாரு. இந்தா, நாடாளுற ராசா அப்பளத்தைத் தின்னுட்டுச் சோத்துக்கு ஏங்குறாரு பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அம்மா சாம்பார்ச் சட்டியை மூடி வைத்தது. அப்பா கொஞ்ச நேரம் அந்த மூடியைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அப்பா போய் மேடைக்குப் பக்கத்தில் நின்றார். ஆர்மோனியக்காரர் எழுந்திருந்து துண்டை இடுப்பில் கட்டினார். மைக் செட்டுக்காரன் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"இலை போட்டாச்சு" என்றார் அப்பா.

"எத்தனை இலைங்க?"

அப்பா மைக் செட்டுப் பக்கம் பார்த்தார்.

"ஊர் முறைக்கு ஒரு இலை சரி. எனக்குச் சரிவராது. நான் ஒத்தையில வந்து உங்க வீட்ல உக்காந்து சாப்பிட முடியாதுங்க."

நான் அவர் உடம்பைப் பார்த்தேன். ஒரு இலைச் சோறு பத்தாது என்கிறார் போல. அம்மா பெரிய இலையாகத்தான் நறுக்கி வைத்திருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா முகம் ஒரு மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

அப்பா துண்டை அடுத்த தோளுக்கு மாற்றினார். பூட்டியிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"எங்க இருக்கு?"

"ஸ்கூலுக்குள்ள. வேசம் போடுற ரூம்ல. வரவே மாட்டேன்னு சொல்லுச்சு. நான்தான் கூட்டியாந்தேன்."

எனக்குக் கால் வலித்தது. முன் வரிசையில் இன்னும் ரெண்டு சாக்கு விழுந்தது. எங்க சாக்கு என் கக்கத்திலேயே இருந்தது.

"கூட்டிட்டு வாங்க மாப்ள" என்றார் அப்பா. "சோறு ஆறிப் போகும்."

பள்ளிக்கூடத்துக்குள்ளேயிருந்து ஒரு பொம்பளை வந்தது. பச்சைச் சேலை. நாடகத்தில் ஆடுகிற ஆள் என்று நினைத்தேன். மூஞ்சியில் பவுடர் இல்லை. அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அப்பா திரும்பி முன்னால் நடந்தார். அந்தப் பொம்பளை என் பக்கத்தில் வந்து தலையில் கையை வைத்தது.

"மூக்கு அப்படியே அண்ணன் மூக்கு."

"எந்த அண்ணன்?" என்று கேட்டேன்.

வீடு வரைக்கும் அந்தக் கை தலையிலேயே இருந்தது. அதனால் என்னால் ஓட முடியவில்லை.

அம்மா சொம்பில் தண்ணியோடு வாசலில் நின்றது. உள்ளே தனியாக ரெண்டு இலை போட்டிருந்தது. மற்றவர்களுக்குச் சாக்கு, இந்த ரெண்டு இலைக்குப் புதுப் பாய். ரெண்டு இலை என்று அம்மாவுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. சித்தப்பா கதவோரத்தில் நின்று மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவே பரிமாறினார். அவர் கரண்டி பிடித்து நான் பார்த்ததில்லை. இலை கொள்ளாமல் சோற்றைக் கொட்டினார்.

"போதும்ணே" என்றது அந்தப் பொம்பளை.

அப்பா காதில் வாங்காமல் இன்னொரு கரண்டி வைத்தார்.

"இவுகளுக்கு மட்டும் பாயசம் மொதல்ல வருது" என்றார் பபூன். "ராசாவுக்கே இன்னும் ஊத்தலை."

"ராசாதான் அப்பளத்தை மொதல்ல முடிச்சுட்டாரேய்யா" என்றார் சித்தப்பா.

அந்தப் பொம்பளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டது. மூக்கை மூக்கை உறிஞ்சியது. ரசத்தில் காரம் கூடிவிட்டது போல.

சாப்பிட்டதும் எல்லாரும் மேடைக்குப் போனார்கள். ஆர்மோனியக்காரரும் போனார். அந்தப் பொம்பளை மட்டும் அடுப்படியில் அம்மாவோடு நின்றது. நான் இலைகளை எடுக்கப் போனேன். சாக்கில் இருந்ததையெல்லாம் எடுத்தேன். பாயில் இருந்த ரெண்டு இலையில் கை வைக்கப் போகும்போது, "அதை விடு" என்றார் அப்பா. அவரே குனிந்து மடித்து எடுத்தார்.

எங்க பக்கம் கல்யாணமாகி மறுவீடு வருகிற பொண்ணு மாப்பிள்ளைக்கு விருந்து வைத்தால், அவர்கள் இலையைப் பொண்ணோட அண்ணன்தான் எடுக்கணும். அத்தைக்கு அந்த விருந்து நடந்திருக்கவில்லை. இதெல்லாம் எனக்கு என் கல்யாணத்தின்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு, எங்க அப்பா எச்சில் இலை எடுக்கிறாரே என்று கூச்சமாக இருந்தது.

மைக்கில் ஆர்மோனியம் கேட்டது. முதல் பாட்டு. அப்பா அதை ஒரு நாளும் விட்டதில்லை. கொல்லையில் போய்ப் பார்த்தேன். குப்பைக் குழிக்குப் பக்கத்தில் ரெண்டு இலையையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போடவில்லை.

"அப்பா, ஆரம்பிச்சுட்டாக. வாங்க."

"நீ போ. வாரேன்."

அப்புறமும் நின்றார். ரெண்டு இலையைக் குழியில் போட எதற்கு இம்புட்டு நேரம் என்று எனக்குக் கோபம் வந்தது. முன் வரிசையில் இடம் போய்விடும். சாக்கைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் ஓடினேன்.