மாமாவின் பின்பாதிக் குரல்

என் அக்கா வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்தியவர். நடத்தினார் என்பதைவிடக் கத்தினார் என்று சொல்லலாம். எனக்கும் அவர்தான் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். "ரோடு முன்னாடி இருக்கு, நீ எங்கம்மா பாக்குற?" என்று முதல் நாள் அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வண்டிக்காரர் பயந்து ஒதுங்கினார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அதே வாய் குழைந்து பேசும். அந்தக் குழைவில் முக்கால்வாசி, வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கே போய்ச் சேரும். தினமும் போன். "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று அவர் ஆரம்பிக்கும்போது, காலையில் ஆட்களை விரட்டிய மனுஷனா இது என்று தோன்றும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒரு வழி சொன்னார். அறுவைக்கு முன்னால் நிறைய வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்துகொண்டால், பிறகு போனில் எதைத் தட்டினாலும் அவருடைய குரலிலேயே பேச வைக்கலாம். பதிவு இல்லாவிட்டால் போனில் ஏற்கெனவே இருக்கும் குரல்தான். அதை மாமா கேட்டுப் பார்த்தார். "என் பொண்ணுக்குப் போன் பண்ண இவன் யாரு?" என்று போனைத் தள்ளிவிட்டார்.

ஜன்னலைப் போர்வையால் மூடி, பின்னறையில் பதிவு நடந்தது. அக்கா தாளைப் பிடிப்பாள், மாமா படிப்பார். ஆரம்பத்தில் நல்ல பிள்ளையாக, மெதுவாக, அழகாகப் படித்தார். மகளிடம் பேசுவது போலவே படியுங்கள் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். போகப்போக வலி கூடியது, பொறுமை போனது. "நீலக் குடை மேசை மேல் உள்ளது. எவன்யா மேசை மேல குடைய வைப்பான்? இத எழுதினவனை என் வண்டியில ஏத்துங்க!" என்று தாளோடு சண்டை போட்டார். அக்கா நிறுத்தவில்லை. அதுவும் சேர்ந்து பதிவானது.

இப்போது செட்டிங்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செட்டிங்ஸ் என்பது மாமாவின் அண்ணன். மாடியில் குடியிருக்கிறார். கையில் எந்த இயந்திரம் கிடைத்தாலும் முதலில் செட்டிங்ஸுக்குள் போய் எதையாவது மாற்றிவிட்டுத்தான் கீழே வைப்பார். பட்டப்பெயர் நான் வைத்தது. வீட்டில் எல்லோருடைய படங்களும் சேமிக்க ஒரு பெட்டி வாங்கி, வைஃபையோடு இணைத்து, கூடத்து அலமாரியில் வைத்தது அவர்தான். "பதிவெல்லாம் போன்ல வைக்காதீங்க, நெறஞ்சிடும். பெட்டியில போட்டுட்டு அழிச்சிடுங்க. உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு, ரெண்டுலயும் ஒரே சரக்கு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்," என்றார். அக்கா தினமும் பெட்டியில் போட்டாள், போனில் அழித்தாள்.

பதிவுகள் ஆரம்பிப்பதற்கு முன்பே அந்தப் பெட்டி கீச் கீச்சென்று கத்தியிருக்கிறது. இவருடைய வீடியோ அழைப்புக்கு அது இடைஞ்சலாம். செட்டிங்ஸுக்குப் போய்ச் சத்தத்தை நிறுத்தினார். அது ஏன் கத்துகிறது என்று பார்க்கவில்லை. கேட்டதற்கு, "சும்மா அலாரம் கோளாறு" என்றார்.

அறுவை முடிந்து மாமா குரலில்லாமல் வீட்டுக்கு வந்தார். பதிவுகளை அனுப்ப அக்கா பெட்டியைத் திறந்தாள். பழைய கல்யாணப் படங்கள் இருந்தன, பதிவு ஒன்றுகூட இல்லை. செட்டிங்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தானா போயிருக்கும். மெஷின் தானே," என்றார்.

டயர் கடைக்கு மேலே, போன டிஸ்க்கிலிருந்து விவரங்களை மீட்டுத்தரும் ஒரு பெண்ணிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமாவோடு எல்லோரும் போனோம். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு முன்னாடி யாராவது டிஸ்க்கைக் கழட்டினீங்களா, மாத்திப் போட்டீங்களா? ஒளிக்காம சொல்லுங்க."

"யாரும் தொடலை," என்றார் செட்டிங்ஸ், நாங்கள் வாயைத் திறப்பதற்குள்.

அவள் அதை நம்பி வேலையை ஆரம்பித்தாள். ஒரு வாரம் போல ஆனது. திரும்பக் கூப்பிட்டபோது அவள் முகம் சரியில்லை.

"ஒரு டிஸ்க் பல மாசம் முன்னாடியே செத்து ஒதுங்கியிருக்கு. அதுல பழசு மட்டும்தான். இன்னொண்ணுலதான் உங்க பதிவெல்லாம் இருந்திருக்கு. ஆனா அதோட முன்பாதியிலயும் இப்ப பழைய படங்கள்தான் இருக்கு. அதாவது, யாரோ பழைய டிஸ்க்கைத் தட்டி எழுப்பி, அதுல இருந்து புதுசு மேல காப்பி போடச் சொல்லியிருக்காங்க. பாதியில கரன்ட்டைப் புடுங்கியிருக்காங்க. இது தானா நடக்காது."

நாங்கள் எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தோம்.

"பெட்டி ஆன் ஆகலை," என்று மென்று விழுங்கினார். "நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க. வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டேன். அழிச்சிட்டுக் காப்பி போடவான்னு கேட்டுச்சு. யெஸ் குடுத்தேன்."

"படிச்சுப் பாத்தீங்களா?" என்று நான் கேட்டேன்.

"யெஸ்னுதானே குடுப்பாங்க!"

அந்தப் பெண்ணுக்கே கோபம் வந்துவிட்டது. "சார், இத முதல் நாளே சொல்லியிருந்தா முன்பாதியத் தொட்டிருக்கவே மாட்டேன். நேரா பின்பாதிக்குப் போயிருப்பேன். யாரும் தொடலைன்னு சொன்னீங்க, நான் முதல்ல இருந்து படிக்க வச்சேன். அதுவே சாகக் கிடந்த டிஸ்க். பின்பாதியில கொஞ்சம் எடுக்கறதுக்குள்ள மூச்சை விட்டுடுச்சு."

மாமா எழுந்தார். அண்ணனுக்கு எதிரே போய் நின்று, கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தார். முகம் சிவந்தது, கை காற்றில் வெட்டியது, உதடுகள் வார்த்தை வார்த்தையாக அசைந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. அறுவையில் கழுத்தில் போட்ட துளை வழியாகக் காற்று புஸ் புஸ்ஸென்று போனது. ஊரையே அலறவிட்ட மனுஷன், தன் வாழ்நாளிலேயே நியாயமாகக் கத்த வேண்டிய ஒரே இடத்தில் ஊமையாக நின்றார். அவருக்குப் பதிலாக நான் கத்தினேன். கீழே டயர் கடைக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள். செட்டிங்ஸ் தலை குனிந்து, "நல்லதுக்குத்தான் பண்ணேன்," என்றார். முதல் நாள் "யாரும் தொடலை" என்றாரே, அந்த வார்த்தையை மட்டும் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. தொட்டதைவிட, தொடவில்லை என்று சொன்னதுதான் மிச்சத்தையும் கொன்றது.

கிடைத்தது பெயரில்லாத ஒலித்துண்டுகள். கடைசி நாட்களில் பதிவானவைதான் பின்பாதியில் இருந்திருக்கின்றன. மெதுவாகப் படித்தது, மகளிடம் பேசுவது போலப் பேசியது எல்லாம் முன்பாதியோடு போய்விட்டது. மிஞ்சியவை குடையோடும் மேசையோடும் போட்ட சண்டைகள். பயிற்சி அம்மா இன்னொரு முறை போட்டுக் கேட்டார். "இதை வச்சுப் பண்றேன். ஆனா குரல் இப்படித்தான் வரும்," என்றார்.

அது தயாரான அன்று எல்லோரும் கூடத்தில் இருந்தோம். மகளை அழைத்து, பேச்சு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள் அக்கா. மாமா தன் போனில் நிதானமாகத் தட்டி, பொத்தானை அழுத்தினார்.

"என்னம்மா, சாப்பிட்டியா?"

அவர் குரலேதான். பச்சை விளக்கில் வண்டியை நிறுத்தியவனைக் கேட்பது போல இருந்தது.

அந்தப் பக்கம் அழுகை. "அப்பா! உன் குரல்ப்பா!" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஏம்ப்பா, யார் மேல கோவம்?"

மாமா அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அவர் கதவோரம் நின்றிருந்தார். மாமா வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனில் தட்டினார்.

"யார் மேலயும் இல்லம்மா!" கூடம் அதிர்ந்தது.

"அப்ப முன்னாடி மாதிரி மெதுவா ஒரு தடவை கூப்பிடுப்பா."

"குடு, குடு, செட்டிங்ஸ்ல ஏதாவது இருக்கும்," என்று அண்ணன் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"கைய எடுங்க!" என்றேன். அப்படியே நின்றுவிட்டார்.

மாமா போனை மடிக்குள் இழுத்துக்கொண்டார். ஓரத்துப் பொத்தானை அழுத்தி அழுத்தி ஒலியைக் குறைத்தார். மகள் பெயரைத் தட்டி, மறுபடி அழுத்தினார்.

அதே அதட்டல்தான், சின்னதாகக் கேட்டது.