கூடை முதலில் இறங்காது

பவளம் முதல் தேர்வில் தோற்றாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் விமானப் பணிப்பெண் ஆனாள் என்று கைதட்டுவது சுலபம். ஏன் தோற்றாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வருஷம் 1978. பிரிஞ்சாங்கிற்கு மேலே மலையில் இருந்த அந்தத் தோட்டத்திலிருந்து சுபாங் விமான நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போனவள் அவள் ஒருத்திதான். சிரிக்கவும் சாப்பாட்டுத் தட்டு நீட்டவும் சீக்கிரமே பழகிக்கொண்டாள். ஆனால் அந்த வேலை அதற்காக இல்லை. விமானத்தில் தீப்பிடித்தால் கதவைத் திறந்து, ரப்பர் சறுக்கு வழியாக ஒன்றரை நிமிஷத்துக்குள் எல்லாரையும் வெளியே தள்ள வேண்டும். அதற்குத்தான் ஆள் எடுக்கிறார்கள். தட்டு நீட்டுவது மிச்ச நேரத்து வேலை.

பயிற்சிக் கூடத்தில் மரமும் தகரமும் வைத்துக் கட்டிய பொய் விமானம் ஒன்று நின்றது. உள்ளே புகை விட்டார்கள், விளக்கை அணைத்தார்கள். பவளம் சன்னல் வழியே பார்த்து, வெளியே நெருப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். கதவைத் திறந்தாள். கூட்டம் தன்னையும் சேர்த்துத் தள்ளிவிடாமல் இருக்கக் கைப்பிடியை இறுகப் பற்றினாள். இதுவரை குறையில்லை. பயணியாக நடித்தவர் ஒருவர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். பவளம் அதை மரியாதையாக வாங்கி, முதலில் சறுக்கில் இறக்கினாள். பிறகுதான் அவரை இறங்கச் சொன்னாள்.

விசில் ஒலித்தது.

"பெட்டி பிழைத்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் செத்துவிட்டார்கள்" என்றார் பயிற்சி அதிகாரி புவான் ரோஹானா. மலாயில் புவான் என்றால் அம்மையார். அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் மலைக்கே திரும்பலாம்.

அவள் கை ஏன் அப்படிப் போனது? தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொழுந்து ஏற்றிய லோரி நின்றதும் முதலில் கூடை இறங்கும், அப்புறம்தான் ஆள். கூடை சாய்ந்து கொழுந்து நசுங்கினால் நிறுவையில் வெட்டு, கூலி குறையும். இறங்குகிறவள் இடுப்பு ஒடிந்தால் யாருக்கும் வெட்டு இல்லை, அது அவள் சொந்த நட்டம். இந்தப் பாடத்தை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. தானாகக் கையில் ஏறிவிடும்.

விடுப்பில் ஊருக்கு வந்தவள் சனிக்கிழமை மாலை அம்மா தங்கம்மாவோடும் மற்ற பெண்களோடும் கொழுந்து லோரியில் ஏறினாள். நிறுவைக் கொட்டகை முன்னால் லோரி நின்றது. பவளம் பின்பலகையை இறக்கினாள். ஒரு கையால் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, லோரி தீப்புடிச்சிருச்சுன்னு வச்சுக்குங்க. கூடைய விட்டுட்டு எறங்குங்க."

"தீ எங்கடி?" என்றாள் அம்மாவுக்குப் பின்னால் நின்ற சரோஜா. "மாடசாமியண்ணன் பீடியில இருக்கே, அதுவா?"

லோரி ஓட்டும் மாடசாமி முன்னாலிருந்து தலையை நீட்டினார். "என் லோரிக்கு ஏம்மா கொள்ளி வைக்கிற?"

"வெளையாட்டு இல்லக்கா. அடுத்த வாரம் இதுல தோத்தா வேல போச்சு. தயவுசெஞ்சு கூடைய வைங்க."

"வச்சா ஒங்க பிளேன் கம்பெனியா எனக்கு நிறுவ போடும்?" என்றாள் சரோஜா.

தங்கம்மா கூடைப் பட்டையை இன்னும் இழுத்துப் பிடித்தாள். "காலையிலேருந்து பறிச்சதுடி. எரிஞ்சாலும் இதோடதான் எறங்குவேன். தள்ளி நில்லு லா."

ஒருத்தியும் அசையவில்லை. கெஞ்சினால் நடக்காது, அதட்ட வேண்டும். அங்கேதான் பவளம் தயங்கினாள். அதட்டல் என்றாலே அவள் காதில் விழுவது வேலை வாங்கும் கங்காணியின் குரல். அந்தக் குரலுக்கு அம்மா தலைகுனிந்து நின்றதைப் பார்த்தே வளர்ந்தவள். அதே குரலை அம்மா மேல் ஏவுவதா?

அம்மா கூடையோடு வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் சரோஜா, சரோஜாவுக்குப் பின்னால் மற்ற எல்லாரும். சுபாங்கில் புகைக்குள் நின்ற அதே வரிசை.

"கூடைய விடு! குதி!"

கத்தல் எதிர்ச் சரிவில் மோதித் திரும்பியது. பவளத்தின் கை அம்மாவின் கூடையைப் பறித்து லோரி மூலையில் எறிந்தது, அதே கை அம்மாவின் முதுகைப் பிடித்துத் தள்ளியது. தங்கம்மா தரையில் நின்றாள். சரோஜா கூடையைப் போட்டுவிட்டுத் தானே குதித்தாள். மற்றவர்களும் குதித்தார்கள். லோரி காலி.

அப்புறம் தங்கம்மாவின் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

"அடிப்பாவி! கொழுந்து பூரா கொட்டிப் போச்சே! சுபாங்குக்குப் போயி கங்காணி வேலயா கத்துக்கிட்ட?"

பவளத்தின் முகம் சுருங்கியது. "கங்காணி மாதிரியாம்மா இருந்துச்சு?"

சரோஜாதான் சேலையைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "கங்காணி லோரியில ஏத்தத்தான் கத்துவான். எறக்கிவிட எவன்டி கத்துனான் இதுவரைக்கும்?"

எல்லாரும் ஏறிக் கொழுந்தைப் பொறுக்கினார்கள். நிறுவை எழுதும் கிராணி தங்கம்மாவின் நிறுவையில் வெட்டினார். மனமிரங்கி விட்டுவிட்டார் என்று எழுதினால் அது பொய். லயத்துக்கு நடக்கும்போது தங்கம்மா தானாகவே வாயைத் திறந்தாள்.

"நீ கெஞ்சிக்கிட்டே இருந்திருந்தா, நா இன்னும் மேலதான் நின்னுக்கிட்டு இருப்பேன்."

அடுத்த வாரம் அதே புகை, அதே ஆள், அதே பெட்டி. "திங்கால்கான் பேக்! லொம்பாட்!" பையை விடு, குதி என்று மலாயில் கத்தினாள். பெட்டி ஆளில்லாத இருக்கையில் போய் விழுந்தது. அந்த மனிதர் நடிக்க நினைப்பதற்குள் சறுக்கின் அடியில் கிடந்தார். அவருக்குப் பின்னால் வரிசை நிற்காமல் ஓடியது.

"இந்தக் குரல் போன வாரம் எங்கே இருந்தது?" என்று கேட்டார் புவான் ரோஹானா.

"லோரியில் இருந்தது, புவான்."

1983 தைப்பூசத்துக்குப் பினாங்கு போகத் தங்கம்மா முதல்முறை விமானம் ஏறினாள். மகள் வேலை செய்த விமானம்தான். சொந்தக்காரர்களுக்குக் கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கிப் பெரிய பையில் திணித்து, மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பைய முன்சீட்டுக்கு அடியில தள்ளு. ஏதாவது ஆச்சுன்னா அதத் தொடக் கூடாது."

"தொட்டா?"

"புடுங்கி எறிவேன்."

தங்கம்மா பக்கத்து இருக்கைக்காரரிடம் திரும்பினாள். "செய்வா சார். ஏற்கனவே செஞ்சிருக்கா" என்றாள். பிறகு பையைக் கீழே இறக்கிக் காலால் தள்ளினாள்.