வலப்பக்கம் வராத முள்

கொல்லிமலைக்கு அப்போது மோட்டார் ஏறும் ரோடு கிடையாது. ஆனாலும் மலைமேல் ஒரு மோட்டார் வண்டி இருந்தது. காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் அதைக் கீழே துண்டு துண்டாகக் கழற்றி, ஆட்கள் தோளில் ஏற்றிக் கொண்டுவந்து, மேலே பூட்டிக்கொண்டார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. நடுவில் மோட்டார் சைக்கிள் எஞ்சின். பின்சக்கரங்களுக்கு மேல் மூட்டை வைக்க ஒரு பலகை. தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போனபோது, திரும்ப இறக்குவதற்கு மலைத்துப்போய், "ஆஸ்பத்திரிக்கே இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை. டாக்டர் மாதம் ஒருமுறை ஏறி வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டரான நான்தான் எல்லாம். எனக்கு இருபத்தேழு வயது. வெள்ளைக்காரர் இரண்டு நாள் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முன்விளக்குக்குப் பின்னால் சின்னக் கடிகாரம் போல ஒன்று இருந்தது. அதன் முள் வலப்பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது, இடப்பக்கம் சாய்ந்தால் இறங்குகிறது, பேட்டரி தீர்ந்தால் எஞ்சினும் நின்றுவிடும் என்றார். அந்த வண்டியின் மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை. அரியூர் நாட்டுப் பக்கம் தோட்டக்காரர் வெட்டிவைத்த நாலு மைல் மண்பாதையில் மருந்துப் பெட்டியோடு போய் வருவேன். மழை முடிந்து வெயில் வந்ததும், இரும்பெல்லாம் துருவேறியிருப்பதைப் பார்த்து மனசு கேட்காமல், கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றி இரண்டு பூச்சுக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மறுபடி பூட்டினேன். வண்டி புதுசு மாதிரி பளபளத்தது. முள்ளைக் கவனிக்காமல் நாலைந்து தடவை போய் வந்தேன். அதன் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

முள் வலப்பக்கம் வரவே இல்லை. எவ்வளவு வேகமாகப் போனாலும் இடப்பக்கமே சாய்ந்து கிடந்தது. முதலில் முள்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். அடுத்த நாள் நடுவழியில் எஞ்சின் இருமி நின்றது.

பேட்டரியைக் கீழே கொண்டுபோகச் சம்மதித்தவர் பக்கத்து வளவுக் குடியிருப்பில் சாமையும் மிளகும் வைத்திருந்த ஒரு விவசாயி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நாமக்கல்லில் பஸ் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் பட்டறை ஒன்று இருந்தது. அவர் பேட்டரியைத் துண்டில் கட்டி முதுகில் தொங்கவிட்டு, சாயாமல் பிடித்துக்கொண்டு மலை இறங்கினார். நாலாம் நாள் திரும்பினார். துண்டைத் துவைத்தபோது அது சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது.

"ஏனுங்க ஐயா, இந்தப் பொட்டிக்குள்ள என்னங்க இருக்குது? துணியத் திங்குதுங்களே?"

"திராவகம் அண்ணே. மேல படாம பாத்துக்கணும்."

"அதைப் போறப்பவே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. என்னுடைய துண்டு ஒன்றைக் கொடுத்தேன்.

பேட்டரியைப் பூட்டியதும் வண்டி ஓடியது. முள் மட்டும் இடப்பக்கமே கிடந்தது. ஒரு வாரத்தில் மறுபடி நின்றது. பட்டறைக்காரருக்குக் காகிதம் எழுதினேன். பெல்ட் தளர்ந்திருக்கும், இறுக்குங்கள் என்று பதில் வந்தது. இறுக்கினேன். பலனில்லை. அப்படியானால் டைனமோவில்தான் கோளாறு, கழற்றி அனுப்புங்கள் என்றார். அதையும் தீர்ந்துபோன பேட்டரியையும் அந்த அண்ணன்தான் சுமந்து போனார். "டைனமோ நன்றாக இருக்கிறது. இங்கே பூட்டிச் சுழற்றினால் விளக்கு கண்ணைப் பறிக்கிறது" என்ற சீட்டோடு அது திரும்பி வந்தது. பூட்டினேன். முள் அசையவில்லை.

என் குழப்பம் உண்மையில் அப்போதுதான் ஆரம்பித்தது. பேட்டரி நல்லது. டைனமோ நல்லது. கம்பி அறுபடவில்லை. பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரி. சேர்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. மலைக் குளிர் மின்சாரத்தை உறையவைக்குமோ என்று யோசித்தேன். உயரத்தில் டைனமோ வேலை செய்யாதோ? ஆனால் போன வருஷம் இதே உயரத்தில்தானே ஓடியது? நோயாளிக்கு மருந்து கலக்கும்போதுகூட அந்த முள்ளே கண்ணில் நின்றது. ஒருநாள் இருமல் மருந்துச் சீசாவில் காய்ச்சல் மருந்துச் சீட்டை ஒட்டிவிட்டேன். நல்லவேளையாகக் கொடுப்பதற்கு முன் பார்த்துவிட்டேன். அதிலிருந்து மருந்து அறைக்குள் வண்டியை நினைப்பதில்லை என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில் ஒருவர் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, அவரைப் பின்பலகையில் படுக்கவைத்தோம். பாதி தூரத்தில் வண்டி நின்றது. கூட நடந்து வந்த நாலு பேர் பலகையைக் கழற்றினார்கள். பலகையோடு அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். நான் பின்னால் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவ்வளவு வலியிலும் அந்த மனிதர் தலையைத் திருப்பி, "ஏனுங்க, மொதல்லயே தூக்கியிருந்தா இன்னேரம் போய்ச் சேர்ந்திருப்போமுங்களே" என்றார். அவர் சொன்னது சரி.

மறுநாள் அண்ணன் இரண்டு ஆட்களோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். பேட்டரி மூன்றாம் முறையாகக் கீழே போய் வந்தது. இதிலும் சரிவரவில்லை என்றால் வண்டியைச் சாக்குப் போட்டு மூடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினைக் கிளப்பினேன். முள் வழக்கம்போல் இடப்பக்கம். பெல்ட் வழுக்குகிறதோ என்ற பழைய சந்தேகத்தில், "அண்ணே, கடப்பாரையை உள்ள விட்டு டைனமோவ அந்தப் பக்கம் நெம்பிப் புடிங்க" என்றேன். அவர் எஞ்சின்மேல் கடப்பாரையை ஊன்றி டைனமோவை நெம்பினார். முள் துள்ளி வலப்பக்கம் போய் நின்றது.

"புடிங்க, புடிங்க, விட்றாதீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் பயந்து விட்டுவிட்டார். முள் திரும்பி வந்துவிட்டது.

பெல்ட்தான் என்று தீர்மானித்து, அறுந்துபோகும் அளவுக்கு இறுக்கினேன். முள் அசையவில்லை. ஒரு விறகுக் கட்டையால் நெம்பச் சொன்னேன். அசையவில்லை. கடப்பாரையால் நெம்பினார். துள்ளியது. நெம்பாமல் சும்மா தொடச் சொன்னேன். அப்போதும் துள்ளியது! எஞ்சினைத் தொடாமல் டைனமோவை மட்டும் தொட்டால் ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்துத் தொட்டால்தான்.

அண்ணன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "மரத்துக்கு மசியலைங்க. இரும்பைக் கண்டாத்தான் மசியுது" என்றார்.

"ஏன் அண்ணே?"

"என்னையக் கேக்கறீங்களா?"

இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் உள்ளுக்குள் எனக்கு முன்பைவிடக் குழப்பமாகிவிட்டது. கெட்டுப்போன காரணமும் தெரியவில்லை. இப்போது சரியாவதற்குக் காரணமும் தெரியவில்லை. கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் கூடவே ஓடிவர முடியாது. அண்ணன் தன் இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்தார். அலகு எஞ்சினிலும் முனை டைனமோவிலும் அழுந்தும்படி வைத்து, கம்பியால் வரிந்து கட்டினார். முள் வலப்பக்கம் போய் அங்கேயே நின்றது.

அரிவாள் கட்டிய வண்டியை மூன்று வாரம் ஓட்டினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் அரிவாளைப் பார்த்துவிட்டு ஏதாவது நேர்த்திக்கடனா என்று கேட்டார்கள். நான் இல்லை என்றேன். வேறு என்ன என்று கேட்டபோது சொல்லத் தெரியவில்லை.

சம்பளம் வாங்க இறங்கியபோது பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பட்டறைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"கம்பவுண்டரே, வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா?"

"ரெண்டு கோட் அடிச்சேனுங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"டைனமோ உக்கார்ற எடத்துலயும்? போல்ட்லயும்?"

"எல்லாத்துலயுமுங்க."

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகக் கம்பி இருக்கிறது. திரும்பி வரக் கம்பி கிடையாது. வண்டியின் இரும்பு உடம்புதான் திரும்பும் வழி. இடையில் பெயிண்ட் இருந்தால் அந்த வழி அடைபட்டுப்போகும். "டைனமோவைக் கட்டாந்தரையில வச்சமாதிரி இரும்போட இரும்பா வைக்கணுமுங்க. நீங்க மெத்தை போட்டு வச்சிருக்கீங்க."

என் கையாலேயே செய்த காரியம். ஆசை ஆசையாக அடித்த பெயிண்ட். அதற்காக ஒரு மனிதர் மூன்று முறை மலை இறங்கி ஏறியிருக்கிறார். இன்னொருவர் முறிந்த காலோடு பாதி வழியில் கிடந்திருக்கிறார். திரும்பி ஏறிய அத்தனை தூரமும் அதுவே மனதில் ஓடியது. வழி அடைபட்டது புரிந்தது. ஆனால் இரும்பெல்லாம் வழி என்றால், அது எப்படித் தப்பாமல் பேட்டரிக்கே போய்ச் சேருகிறது என்பது புரியவில்லை. பட்டறைக்காரரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் டைனமோவின் அடியையும் போல்ட்டுகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளையாக மின்னும்வரை சுரண்டிப் பூட்டினேன். எஞ்சினைக் கிளப்பியதும் முள் தானாக வலப்பக்கம் சாய்ந்தது. அண்ணனைக் கூப்பிட்டு அரிவாளைத் திருப்பிக் கொடுத்து, தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். பட்டறைக்காரர் சொன்ன விளக்கத்தையும் எனக்குப் புரிந்தவரை சொன்னேன்.

அவர் அரிவாளின் முனையை விரலால் தடவிப் பார்த்தார். "அது கெடக்குதுங்க. இப்ப அந்தக் கரண்டு இந்த இரும்பு வழியாத்தான் திரும்பிப் போகுதுன்னு சொல்றீங்களா?"

"ஆமாண்ணே."

"நாம உக்கார்ற எடத்துக்கு அடியில இருக்கற இரும்பு?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "அதுலயும் இருக்கலாமுங்க."

"நம்ம மேல ஏறாதுங்களா?"

"ஏறாதுன்னுதான் நெனைக்கிறேன்" என்றேன். அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு சாக்கை எடுத்துவந்து நாலாக மடித்துப் பின்பலகைமேல் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். நான் என் இடத்தில் உட்கார்ந்து கிளம்பப் போனவன், இறங்கி உள்ளே போய் இன்னொரு சாக்கை எடுத்துவந்தேன்.