ஊசியும் செக்கப்பும் ஒரே லீவில்

உங்களில் மூத்தவளுக்கு அப்போது ஒன்றரை வயது. பூஸ்டர் ஊசி போட வேண்டிய மாதம். எடை, காது, நெஞ்சு என்று வழக்கமாகப் பார்க்கும் செக்கப்புக்கும் அதே மாதம் வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. குரோம்பேட்டையில் நான் வேலை பார்த்த பட்டறையில் லீவு கேட்பது சாதாரண விஷயம் இல்லை. “போன மாசந்தான லீவு போட்டே, மறுபடியும் கண்ணாலமா?” என்பார் முதலாளி.

அதனால் ஒரே லீவில் இரண்டையும் முடித்துவிட நினைத்தேன். மேற்குத் தாம்பரத்தில் அந்த கிளினிக். ஊசி போடும் இடத்தில் கூட்டம் இல்லை. முதலில் ஊசி, பிறகு செக்கப். கெட்டிக்காரத்தனம் என்றுதான் எனக்குப் பட்டது.

ஊசி தொடையில் இறங்கியதும் அவள் போட்ட கூச்சல் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். அழுகை ஓயுமுன் டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் உட்கார்ந்தோம். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“ஏதோ சின்னதா ஒரு சத்தம் கேக்குற மாதிரி இருக்கு. இவ அழுறதால நிச்சயமா சொல்ல முடியல. பயப்படாதீங்க. இன்னைக்குக் காய்ச்சல் வரும், அது நல்லா விடட்டும். ரெண்டு வாரம் கழிச்சு அழாம கூட்டிட்டு வாங்க சார்.”

பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? இதயத்தில் என்ன சத்தம்? பட்டறையில் மோட்டாரில் சின்னதாகச் சத்தம் வந்தாலே நாங்கள் பிரித்துப் போட்டுவிடுவோம்.

காய்ச்சல் மறுநாளே விட்டது. வேறொன்று பிடித்துக்கொண்டது. வெள்ளை உடுப்பைக் கண்டாலே அழுகை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஃபாதர் வெள்ளை அங்கியோடு ஆசீர்வாதம் பண்ணக் குனிந்தார். இவள் அலறிய அலறலில் அவர் இரண்டடி பின்னால் போனார். ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்களுக்கும் அதே மரியாதைதான்.

இரண்டு வாரம் கழித்து கிளினிக் வாசலை மிதித்ததுமே ஆரம்பித்துவிட்டாள். டாக்டரம்மா கோட்டைக் கழற்றிப் பார்த்தார். ம்ஹூம். அவர் முகமே இவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

அன்று ராத்திரி உங்கள் அம்மாதான் சொன்னாள். “என்னங்க, சைக்கிள்ல போனா இவ தூங்கிடுவா இல்ல? தூங்கினதும் அப்படியே கொண்டுபோய்க் காட்டினா என்ன?”

மறுநாள் சாயங்காலம் பின்னால் கேரியரில் அம்மா, அம்மா தோளில் இவள். திருநீர்மலைப் பாதையில் மலை தெரிகிற வரை மிதித்தேன். தூங்கவில்லை. மாடு, லாரி எல்லாவற்றுக்கும் டாட்டா காட்டிக்கொண்டே வந்தாள். திரும்பும்போதுதான், “தூங்கிட்டா, மெதுவா போங்க” என்று அம்மா முணுமுணுத்தாள். கிளினிக் வரை ஒரு குழியில்கூட இறக்காமல் ஓட்டினேன்.

உள்ளே கொண்டுபோனால் மருந்து வாடைக்கே விழித்துக்கொள்வாள். நான் மட்டும் போய்ச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, கோட்டோடு அப்படியே ரோட்டுக்கு வந்துவிட்டார். ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அம்மா தோளில் கிடந்தவளின் சட்டையைத் தூக்கி முதுகில் வைத்தார்.

எதிர் டீக்கடை ரேடியோவில் கிரிக்கெட் அலறிக்கொண்டிருந்தது.

“அண்ணே, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க!”

“டாக்டரம்மா, மேட்ச் ஓடிகினு கீது, கடைசி ஓவரு...” என்று இழுத்த டீக்கடைக்காரர், சைக்கிளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பட்டென்று ரேடியோவை அணைத்தார்.

“யோவ், இன்னாய்யா நீ!” என்று நாலைந்து பேர் எழுந்தார்கள்.

“கொய்ந்தை நெஞ்ச கேக்குறாங்க. கம்முனு குந்து.”

குந்திவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து தலைக்கு மேலே ஒரு ஏரோப்ளேன். டாக்டரம்மா கையைத் தூக்கி எல்லோரையும் அப்படியே இருக்கச் சொன்னார். ப்ளேன் போனது. டீ ஆற்றுகிறவர்கூட ஆற்றவில்லை. டாக்டரம்மா முதுகில் வைத்தார், அம்மா குழந்தையை மெல்லத் திருப்பியதும் நெஞ்சில் வைத்தார், கொஞ்சம் நகர்த்தி மறுபடி வைத்தார். எனக்கு என் நெஞ்சுதான் கேட்டது.

“ஒண்ணும் இல்ல சார். சுத்தமா இருக்கு. அன்னைக்கு அழுத அழுகையில படபடன்னு அடிச்சிருக்கு, அவ்வளவுதான். அடுத்த தடவை ஊசி ஒரு நாள், செக்கப் வேற ஒரு நாள். சரியா?”

உங்கள் அம்மா அழுதேவிட்டாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல வேளை, கைக்கு ஒரு வேலை இருந்தது.

ரேடியோ மறுபடி அலறியது. “போச்சு! உன் கொய்ந்தையால ஒரு விக்கெட்டு போச்சு சார்!” என்றார் டீக்கடைக்காரர். அந்தச் சத்தத்தில் இவள் கண்ணைத் திறந்தாள். எதிரே டாக்டரம்மா, வெள்ளைக் கோட்டு. வாயைத் திறந்தாள் பாருங்கள்!

“இப்ப எவ்ளோ வேணும்னாலும் அழுடி” என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போனார் டாக்டரம்மா.