போடாத இரண்டாவது மாலை

சித்தூரில் சாமிக்கு மாலை போட்டுக்கொண்ட ஆளுக்குச் சொந்தப் பெயர் போய்விடும். பால்காரர், பஸ் கண்டக்டர், மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் என் சூப்பர்வைசர், எல்லோருக்கும் நான் ‘ஸ்வாமி’. கட்டிய மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். எங்கள் மன்னார்குடியிலும் சபரிமலைக்குப் போகிறவர்கள் உண்டு. போய் வந்ததும் கழற்றிவிடுவார்கள். இங்கேயோ ஐயப்பனுக்குக் கறுப்பு வேட்டி, அது முடிந்ததும் கோவிந்தனுக்கு மஞ்சள் வேட்டி என்று தீட்சைகளுக்குக் குறைவில்லை. மனம் வைத்தால் வருஷம் முழுக்க ஸ்வாமியாகவே ஓட்டிவிடலாம். நான் அப்படி ஓட்டப் பார்த்தேன்.

காரணம் பக்தி இல்லை. போன வருஷம் திருப்பதியில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆயிற்று. உயிர் பிழைத்தேன். சிறுநீர் கசிவதும் சில மாதங்களில் நின்றது. ஆனால் ஆண்குறி விறைக்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் இதை எழுதவே கை கூசுகிறது, வாயால் எப்படிச் சொல்வது? எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் டாக்டர் தெலுங்கில் கேட்பார். இங்கே பிழைக்க வந்த இருபது வருஷத்தில் நான் தடுமாறாமல் பேசப் பழகிய தெலுங்கு ஒன்றுதான்: “பாகுந்தி சார்.” நன்றாக இருக்கிறதென்று அவரும் எழுதிக்கொள்வார். வீட்டில் அது செல்லாதே, அதனால் மாலை போட்டேன். விரதக்காரன் தனியாகத் தரையில் படுத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஐயப்பன் மாலையைக் கழற்றிய வாரமே மஞ்சள் வேட்டியும் புது மாலையும் வாங்கி வந்தேன். என் மனைவி மல்லிகா இந்த எல்லைப் பக்கத்துத் தமிழ்க்காரி. பையைப் பிரித்துப் பார்த்தாள்.

“மொத மாலைய சாமிக்குப் போட்டீங்க. இத எனக்குப் பயந்துக்கினுதான வாங்கியாந்தீங்க?”

நான் பையை வாங்கி மடிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“நீங்க பொழைக்கணும்னு ஆஸ்பத்திரி வராண்டால அழுதுக்கினு இருந்தவ நானு. பக்கத்துல வந்து படுத்தா போதும்னு இருக்குது எனக்கு. அதுகூட இல்லன்னா எப்டி?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைவிட அவள்தான் தனியாகக் கிடந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த முறை திருப்பதிக்கு அவளும் வந்தாள். தமிழில் எங்கள் இருவர் வாயிலும் வராததையெல்லாம் டாக்டரிடம் தெலுங்கில், காய்கறி விலை பேசுகிறவள் போலச் சாதாரணமாகச் சொன்னாள். அவர் பழைய குறிப்புகளைப் புரட்டி, “முந்தே செப்பகூடதா சார்?” என்று தலையில் கை வைத்தார். நரம்பு தேற இரண்டு வருஷம்கூட ஆகலாம், முழுதாகத் தேறாமலும் போகலாம், ஆனால் மாத்திரை உண்டு, பம்ப் போன்ற ஒரு கருவியும் உண்டு என்று விளக்கினார்.

திரும்பும் பஸ் பாகாலாவில் நின்றபோது, உனக்கு எப்படி வாய் வந்தது என்று கேட்டேன்.

“ஊட்ல பேசற பாஷையா அது? அதான் வெக்கம் வர்ல.”

மாத்திரை சில நாள் கேட்கிறது, சில நாள் கேட்பதில்லை. கேட்காத நாளிலும் பேசிச் சிரிக்கிறோம். அந்தப் பேச்சு மட்டும் தெலுங்கில். அவள் சொல்லித்தர நான் கற்றுக்கொள்கிறேன். ஊரோடு வந்துவிடேன் என்று மன்னார்குடியிலிருந்து போன் வரும்போதெல்லாம் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சுற்றிலும் தமிழாகிவிட்டால், நாங்கள் இருவரும் மறுபடி ஊமையாகிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.